வெண்ணெய்க்குப் பக்கத்தில்

அங்கே வைக்காதே என்று
ஸ்பினெக்கிடம் எத்தனை தடவை சொல்வது.
கண்ணாடிக் குப்பியில் ஒரு சிட்டிகை,
கற்கண்டை நுணுக்கினாற்போல், மஞ்சளாய்.
ஆறு மாதம் கறந்து காயவைத்தது.
வாங்கிக்கொள்கிறீர்களா என்று ப்ராகுக்கு எழுதினான்.
பூர்வீகம் தெரியாத பாம்பின் நஞ்சு
எங்களுக்கு ஆகாது, இப்படிக்கு.

ஏழாவது மாடி. துணி உலர்த்தும் அறையில்
பிரேசில் விரியன் ஒருத்தி
ஆஸ்த்ராவாவின் பனியைப் பார்த்தபடி கிடக்கிறாள்.
பார்க்கிறாளா, தெரியாது.
அவளுக்கு இமை கிடையாது.

கடித்தால் கூப்பிட வேண்டிய எண்
கதவில் ஒட்டியிருக்கிறது.
மாற்றுமருந்து இருக்கும் ஊருக்கு
ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல்.
போன மார்ச்சில் கொக்கி வழுக்கியபோது
கையுறையில் ஈரமாய் இரண்டு புள்ளி.
அன்றிரவு முழுக்க
தூங்கும் அவன் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பத்துதான், ஒவ்வொரு முறையும்.

காலையில் என் ரத்தக்கொதிப்பு மாத்திரை.
இதன் மூதாதையே
இவள் இனத்து நஞ்சில்தான் கிடைத்தது, லிபுஷே,
என்கிறான்,
கடனைத் தீர்த்துவிட்டவன் முகத்தோடு.

தண்ணீர் ஊற்றி விழுங்குகிறேன்.
எனக்குக் கொதிப்பு வந்ததே
அவள் வந்த பிறகுதான்.