ஒரு சாண்

அலுமினியம் துருப்பிடிக்காது என்றான் கடைக்காரன்.
இரும்பென்றால் அடி தாங்குமாம்.
ஆல்பர்ட்டாவில் சாலைக்கும் உப்பு போடுகிறார்கள்
ஊறுகாய்க்குப் போடுவதுபோல்.

மாட்டு வைத்தியர் டோரின் ஸ்கோக்லண்ட்
எதையும் காதில் வாங்காமல்
பெட்டிக்குள் குனிந்து முழம் போட்டாள்.
ஊசி, கயிறு, வாளி,
தோள்வரை ஏறும் கையுறை,
எல்லாம் அடங்கும்.
கன்று இழுக்கும் கம்பி மட்டும்
ஒரு சாண் துருத்தும்.

"திருடன் திறக்கவே முடியாத பூட்டு, மேடம்."
"மைனஸ் முப்பதில்
ராத்திரி ரெண்டு மணிக்கு
நான் திறப்பேனா?"

அவன் சாவியைப் பார்த்தான்.

பூட்டில்லாத ஒன்றை,
மூலை நசுங்கியதை,
எழுபது டாலர் குறைத்து வாங்கினாள்.
கம்பி வெளியேதான், ட்ரக்கின் விளிம்பில், கயிற்றுக்கட்டில்.

வழியெல்லாம் கடகடத்தது.
மெல்நிக் பண்ணையில்
ஒரு சினைப்பசு
தலையைத் தூக்கிப் பார்த்தது.