பதினேழாம் எண் கச்சை

காற்று எண்பதைத் தாண்டிய நாட்களில்
ஒருவரும் கோபுரம் ஏறுவதில்லை.
ராவ்சனுக்குத் தெற்கே இந்தத் தகரக் கொட்டகையில்
அந்த நாட்கள் என்னுடையவை.

மேசையில் வெள்ளைத் துணி விரிப்பேன்.
உதிர்ந்த இழை வெள்ளையில்தான் தெரியும்.
முதலில் சீட்டு: தயாரித்த மாதம், வரிசை எண்.
எழுத்து அழிந்திருந்தால்
எவ்வளவு புதுக்கருக்கு இருந்தாலும் ஒதுக்கிவிடுவேன்.
பிறகு வார்கள். சாண் சாணாகப் பிடித்து
கவிழ்த்த ‘ப’ போல வளைத்தால்
மறைத்ததெல்லாம் முதுகில் வந்து நிற்கும்:
வெட்டு, வெளிறல், கிரீஸ் கறை,
வெல்டிங் பொறி தின்ற கடுகளவு ஓட்டை.
கண்ணைவிட விரல் முந்திக்கொள்ளும்.
அதனால் கையுறை கிடையாது,
ஜூலைக் குளிரிலும்.

கொக்கியைக் காதருகே வைத்துத் திறந்து மூடுவேன்.
நல்ல கொக்கி ஒரே சொல் சொல்லும்.
மணல் புகுந்தது திக்கும்.

பன்னிரண்டு திக்கியது. சிவப்புப் பட்டை.
பதின்மூன்று சரி.
பதினாறு சரி. மாத்தே ஆறிப்போயிருந்தது.

தோளுக்குப் பின்னால் ஒரு மடிப்பு உண்டு.
பிரிவதற்கென்றே தைத்த மடிப்பு.
ஆள் விழுந்து, கயிறு வெடுக்கென்று பிடித்தால்
அது மட்டும் பிரியும்;
உள்ளிருந்து ஒரு சிவப்பு நாக்கு
‘விழுந்தான்’ என்று நீட்டும்.

பதினேழில் மடிப்பு மூடியிருந்தது.
ஆனால் ஒரு தையல் நெருங்கி, அடுத்தது விலகி,
நடுவில் நின்று மூச்சு வாங்கி...
எந்திரம் மூச்சு வாங்காது.
நூலும் நூலல்ல. தூண்டில் நரம்பு,
மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கியது.

பதிவேட்டைப் புரட்டினேன்.
பதினேழு: ஆதெலினோ நவெல்கிர்.
விழுந்த நிகழ்வு: இல்லை. இல்லை. இல்லை.

வந்தான், கம்பளித் தொப்பியைக் கழற்றாமல்.
“துவைக்கும்போது கிழிந்தது, நெலிதா.”
கயிற்றில் பிழைப்பவன்,
கயிறு திரிக்க மட்டும் தெரியவில்லை.

நான் பேசவில்லை. காற்று தகரத்தைப் பிறாண்டியது.

“மூன்று வாரம் இருக்கும்.
கூண்டுக் கூரையில் பனிக்கட்டி.
கால் போனதே தெரியாது. தொங்கினேன்.
கீழே குவனாக்கோ கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது,
எறும்பு மாதிரி.”

“யார் இழுத்தது?”
“ஏல்வின்.
ஆறு போல்ட் மிச்சமிருந்தது.
முறுக்கிவிட்டுத்தான் இறங்கினோம்.”

“அதிர்வு தாங்குகிற பொதி பிரிந்திருக்குமே?”
“ஆற்றில் போட்டேன். புதுசு என் காசில்.”

“தொடையில்?”
“மஞ்சளாகிவிட்டது இப்போது.”

ஏறுபடி போய்விடும் என்பான் என்று நினைத்தேன்.
அதைச் சொல்லவில்லை.
“எழுதினால் தரையில் உட்கார வைப்பீர்கள்.
உட்கார்ந்தால் யோசிப்பேன்.
மறுநாளே ஏறிப் பார்க்க வேண்டியிருந்தது.”

மறுநாள் ஏறியிருக்கிறான்.
அதற்கும் மறுநாள்.
இருபத்திரண்டு முறை,
ஒரு விழுகையைச் செலவழித்துவிட்ட கச்சையில்.
ஒவ்வொரு காலையும் தினச் சோதனைத் தாளில்
‘சரி’ என்று
ஏல்வினின் சாய்ந்த கையெழுத்து.

நூலிழையில் தப்பினான் என்று
எத்தனை பேரைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.
இழையைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை.

பெரிய கத்தரியை எடுத்தேன்.
மார்பு வார். தோள் வார் இரண்டு. தொடை வார்.
பாலியெஸ்டர் லேசில் வெட்டுப்படாது;
நாரை நாராக அரைத்து, அரைத்து.
அவன் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டான்,
நான் கேட்காமலே.

“அந்த மடிப்பை மட்டும் தருகிறாயா?”
“அது அறிக்கையோடு போகவேண்டும்.”
தலையாட்டினான்.
கதவைத் திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்து
வெள்ளைத் துணியைப் பாதி தூக்கியது.

எழுதினேன். நாள், உயரம், இரண்டு பெயர்கள்.
‘காரணம்’ என்ற கட்டத்தில்
பனிக்கட்டி என்று மட்டும்.

பிறகு பதினெட்டை எடுத்தேன். ஏல்வின் பியூ.
சீட்டைப் பார்க்கவில்லை, வாரைத் தொடவில்லை,
நேராக மடிப்புக்குப் போனது விரல்.
எந்திரத் தையல்.
விளக்கருகே கொண்டுபோய்
மறுபடியும் எண்ணத் தொடங்கினேன்.