வேலியை மேய்ந்தது

பயிரை மேய்ந்த வேலி பற்றிக் கேட்டிருக்கிறேன்.
வேலியையே ஒன்று மேய்ந்ததை
ஒட்டாவாவின் கிழக்கு ஓரத்தில், ஓர்லியன்ஸில்,
போன ஜூனில்தான் பார்த்தேன்.

பதினொரு வருடம் அது எனக்கு வெறும் பச்சை.
இரண்டு வீட்டுக்கும் நடுவே
ஆளுயரத்துக்கு ஒரு சௌகரியம்.
சாகத் தொடங்கிய பிறகுதான் பெயரைக் கேட்டு வைத்தேன்:
வைபர்னம்.

மே நடுவில் இலையடியில் புழுக்கள்,
எள்ளை விடச் சின்னதாய்.
மீன் சாப்பிடத் தெரிந்தவர்கள் போல
சதையை வழித்துக்கொண்டு
முள்ளை முழுசாய் வைத்துவிட்டு
மண்ணுக்குள் இறங்கின. தொலைந்தது என்றிருந்தேன்.
செடி, பாவம், இன்னொரு முறை துளிர்த்தது.
ஜூலையில் இறக்கையோடு திரும்பி வந்து
அதையும் தின்றன,
பழுப்பு வண்டுகள், என் சுண்டுவிரல் நகத்தில் பாதி.

அந்தப் பக்கம் தெரிந்தது.
சரியாகச் சொன்னால்
அந்தப் பக்கத்துக்கு நான் தெரிந்தேன்:
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு ஷிப்ட் முடித்து
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து
சூப்பர்வைசரிடம் சொல்லாமல் விழுங்கிய பதில்களை
கையை ஆட்டி ஆட்டி
செடியிடம் சொல்லிக்கொண்டிருப்பவள்.

நாற்காலியில் ஒருவர், முதுகுக்குப் பின்னால் வெந்நீர்ப் பை.
எழுந்து வந்து
நரம்பு நரம்பாய் நின்ற இலைகளினூடே கேட்டார்:
"உங்கள் பாஷை எனக்குத் தெரியாது.
ஆனால், யார் அந்த டெப்ரா?"

ரெஜான். பஸ் ஓட்டி ஓய்ந்தவர்.
வண்டு பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருந்தார்.
"எங்கிருந்தோ கப்பலேறி வந்து
இங்கே இருப்பதை எல்லாம்..." என்று தொடங்கியவர்
என் முகத்தைப் பார்த்து, பிரேக் போட்டு,
"வண்டைச் சொன்னேன்."
"தெரியும்" என்றேன்.
"செடியும் நர்சரியில் வாங்கியதுதான்" என்றார்,
கேட்காமலே.

மார்ச்சில், முழங்கால் பனியில்,
அவர் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும்
முட்டை வைத்த குச்சிகளை வெட்டினோம்.
குச்சியின் அடிப்பக்கம் நெடுக
காஜா எடுத்தது போல் ஒற்றை வரிசையில் புடைப்பு;
ஒவ்வொன்றுக்கும் மரத்தூளும் பீயும் குழைத்த மூடி.
இவ்வளவு நேரான தையல்
எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு வெட்டினேன்.

பிழைக்குமா என்பது அடுத்த கோடையில் தெரியும்.
பாதிச் செடி குச்சியாய் நிற்கிறது.
இப்போதெல்லாம் குரலைத் தணித்துத்தான் திட்டுகிறேன்.
அதற்கும் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது:
"டெப்ராவுக்கு இன்று லீவா?"