தொண்ணூறாம் நாள், பங்கேற்பாளர் 47

எனக்குத் தெரியக்கூடாது.
அதுதான் என் வேலை.
யாருக்குப் புதிய பயிற்சி, யாருக்கு வழமையானது என்று
கொழும்பில் ஒரு கணினி குலுக்கிப் போட்டு
உறைகளில் ஒட்டி வைத்திருக்கிறது.
நான் அளப்பவள் மட்டும்.
திருகோணமலை ஆஸ்பத்திரியில் கடற்பக்கத்து அறை,
ஒன்பது துளைப் பலகை, ஒன்பது முளைகள்,
ஒரு நிறுத்தற் கடிகாரம்.

முதல் வாரமே ஒரு சம்மதப் படிவம் போயிற்று.
யன்னல் தாழ்ப்பாள் உடைந்திருந்தது.
புள்ளிமான் ஒன்று தலையை நீட்டி
மூன்று மொழிகளையும் சேர்த்து மென்றது.
தரவிழப்புப் பத்தியில் "காரணம்: மான்" என்றெழுதினேன்.
கொழும்பிலிருந்து மின்னஞ்சல்:
தயவுசெய்து விளக்கவும்.

நாற்பத்தேழாமவர் உதுமாலெவ்வை.
மட்டக்களப்பு பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் கொண்டக்டர்.
பாரிசவாதம் வந்த காலையிலிருந்து
வலது கை மடியில் கிடக்கிறது,
ஆளில்லாமல் ஏற்றிவிட்ட பார்சல் மாதிரி.
சொற்கள் எங்கோ இறங்கிவிட்டன.

படத்தாளைக் காட்டினேன். வேறு நாட்டில் வரைந்த படங்கள்.
கையுறை. பார்த்தார்.
கள்ளி. பார்த்தார்.
இரண்டு மரத்துக்கிடையே கட்டிய தொங்கு படுக்கை.
சிரித்து, இடக்கையால் வலை இழுத்துக் காட்டினார்.
பூச்சியம்.
"இவ ஆரு?" என்று மனைவியைக் காட்டினேன்.
வாய் திறந்தது. தாடை ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது.
பூச்சியம்.
(ஆசியா உம்மா. படிவத்தின் முதற் பக்கத்தில் இருக்கிறது.)

அவள் தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டே சொன்னாள்:
"மிஸ், இதைக் கேளுங்க. சீனக்குடா..."

உடனே அவர்
சீனக்குடா, வெள்ளைமணல், கிண்ணியாத் துறை,
இறங்கு இறங்கு, பாதை வருது, சில்லறையக் கையில வச்சிக்க,
உப்பாறு, கங்கை, மூதூர்,
கிளிவெட்டி, வெருகல், கதிரவெளி, வாகரை

பிசிறில்லை. மூச்சு எடுக்கிற இடமும் பழைய இடம்.
பாலங்கள் வருமுன் இருந்த வழி அது.
ஆட்கள் இறங்க, பஸ்ஸை மிதவையில் ஏற்றி
ஆற்றைக் கடந்த வழி.
அந்த மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம்.
மூளையில் புதிய பாதைகள் உருவாகும் என்று
டொக்டர் வார்டில் விளக்கியபோது
இவர் மட்டும் இடக்கையால் கயிறிழுத்துக் காட்டினாராம்.

வாகரை தாண்டியதும் மௌனம்.
இதற்குப் படிவத்தில் பெட்டி இல்லை.
தானாக ஓடும் பேச்சுக்குப் புள்ளி கிடையாது, என்கிறது கைநூல்.

தொண்ணூறாம் நாள்.
கதவிலேயே தொடங்கினாள்:
"மிஸ், வியாழக்கிழமை வாற அந்த சேர்..."
காதைப் பொத்தினேன்.
"சொல்லாதீங்க ராத்தா! சொன்னீங்கண்டா என்ட கணக்குப் பிழைச்சிரும்."
பயந்துபோய் அவள் வாயைப் பொத்தினாள்.
பேச முடிந்த இரண்டு பேர்
காதையும் வாயையும் பொத்திக்கொண்டு நிற்பதை
அவர் மாறி மாறிப் பார்த்தார்.
முதலில் சிரித்தவர் அவர்தான்.

மூன்று துளைகள், இரண்டு நிமிஷம்.
நான்காவது முளை மேசைக்கடியில் உருண்டது.
குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.
கொடுக்கக்கூடாது.

கையுறை. கள்ளி.
"இவ ஆரு?"
பூச்சியம் போடப் பேனையை ஊன்றிவிட்டேன்.
மேசையில் இடக்கையால் இருமுறை தட்டினார்,
ட்ரைவருக்குத் தட்டும் தட்டு.

சீனக்குடா, வெள்ளைமணல், கிண்ணியா,
ஆசியா,
உப்பாறு

நின்றார்.
இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்ட பயணிபோல்
திரும்பிப் பார்த்தார்.
அவள் முக்காட்டை இழுத்துவிட்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

கேட்ட கேள்விக்குக் குறித்த நேரத்தில் பதில் இல்லை.
விதிப்படி பூச்சியம். போட்டேன்.
பிறகு ஓரத்தில், பென்சிலால்,
கிண்ணியாவுக்கும் உப்பாறுக்கும் இடையே
ஒரு நிறுத்தம்.
ஓரங்களைக் கணினி வாசிக்காது. தெரியும்.

எந்த உறை அவருடையது என்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
வெளியே நாற்பத்தெட்டாமவர் சக்கர நாற்காலியில்.
யன்னலைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டுக்
கூப்பிட்டேன்.