எழுத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்

காரைக்குடி, செக்காலை ரோடு, அடகுக்கடைக்கு மேல்மாடி.
நடுவர் ஐவர். சீயம் பத்து. மின்விசிறி ஒன்று,
அதுவும் தலைவர் வயிரவன் பக்கமே திரும்பி நின்றது.
நான் குறிப்பெழுதுகிறவன்.
எனக்குப் பேனா உண்டு, ஓட்டு இல்லை.

இசை நாடக இயக்குநர் விருது.
பதினொரு நாடகம் பார்த்து ஒன்பதைக் கழித்தாயிற்று.
மிச்சம் இரண்டு பெயர்.

கானாடுகாத்தான் தென்னப்பன்:
மேடையிலேயே கப்பலைத் திருப்பியவர்.
நாற்பது குரல், இரண்டு கிளாரினெட்.
பாய்மரம் விரியும்போது சுதி ஏறும்,
ஒரு நொடி முந்தாது, ஒரு நொடி பிந்தாது.
"கடிகாரம் மாதிரி" என்றார் வயிரவன்.
பாராட்டாகத்தான் சொன்னார்.

புதுவயல் சவேரியம்மாள்:
அரிசி ஆலையில் எடைமேடைக் கணக்கு.
நெல் காயும் களம்தான் மேடை,
சாக்குத் தைப்பவர்கள்தான் கோரஸ்.
இரண்டாம் பாகத்தில், மகனைத் தேடும் பாட்டில்,
லில்லிபுஷ்பத்தின் குரல் அறுந்தது.
வாய் அசைகிறது, சத்தம் இல்லை.
ஆர்மோனியம் தனியாக நடந்துகொண்டிருந்தது.
களத்து மூலையிலிருந்து
ஒருத்தி அடுத்த அடியை எடுத்தாள்.
அதற்கடுத்ததை இன்னொருத்தி, வேறு சுதியில்.
பிறகு மூட்டை இறக்குகிற ஓர் ஆள், சுதியே இல்லாமல்.
பாட்டு ஆள் ஆளாகக் கைமாறி
அவளிடமே திரும்பி வந்தபோது
பேராசிரியை கோமதிநாயகி மூக்கைச் சிந்தினார்.
மிருதங்கம் அருளப்பனும் அழுதார்,
தொடையில் தாளம் விடாமல்.

"அது விபத்து" என்றார் சவுண்டு சர்வீஸ் சிக்கந்தர்.
"விபத்துக்கு இன்சூரன்ஸ் கொடுக்கலாம். விருதா?"
தெய்வானையும் தலையாட்டினார்,
முப்பது வருசம் ராஜபார்ட் போட்டவர்:
"எனக்கும்தான் தொண்டை கட்டியிருக்கு, மானாமதுரையில.
எவனும் கேடயம் தரல. சோடா தந்தான்."

மூன்றுக்கு இரண்டு. தென்னப்பன்.

பேனாவை மூடிவிட்டு நான் சொன்னேன்,
சொல்லியிருக்க வேண்டாம்:
"அன்றைக்குக் களத்தில் குடையை மறந்துவிட்டேன்.
எடுக்க மறுநாள் போனேன்.
மறுநாளும் அதே அடியில்தான் குரல் அறுந்தது."

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசிற்று.

"அப்போ என் கண்ணீர்?" என்றார் கோமதிநாயகி,
கைப்பையில் சில்லறை குறைந்தவர் மாதிரி.
"ஏமாற்றியிருக்கிறாள். தென்னப்பனுக்கே போடுங்கள்."
சிக்கந்தர் சீயத்தைப் பாதியில் வைத்தார்.
"அந்த மூலையில பாட்டே கிடையாது,
அங்க எதுக்கு மைக் தொங்குதுன்னு
அன்னிக்கே நினைச்சேன்.
அடேங்கப்பா!"
தெய்வானை பல்செட்டு நகரும்வரை சிரித்தார்.
"நிசமாத் தொண்டை கட்டினப்பவே
எனக்கு நிக்கத் தெரியல. கையை எங்க வெக்கிறதுன்னு தெரியல.
அந்தப் புள்ளைக்கு, தெரியாத மாதிரி நிக்க
ஒருத்தி சொல்லிக் கொடுத்திருக்கா.
என் ஓட்டை மாத்து."
அருளப்பன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்:
"அழுதது நான். அது யார் சரக்குன்னு
நான் ஏன் விசாரிக்கணும்?"

மறுபடியும் மூன்றுக்கு இரண்டு. சவேரியம்மாள்.
கட்சி மாறியவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
"ஒருமனதாக என்று எழுதும்" என்றார் வயிரவன்.
எழுதினேன்.

கேடயக் கடையிலிருந்து போன்: எத்தனை எழுத்து?
ஏழு. தென்னப்பன் என்றால் ஆறோடு முடிந்திருக்கும்.
புள்ளி வைத்த எழுத்துக்கும் காசு உண்டாம்.
கூடுதல் பன்னிரண்டு ரூபாயை
இதர செலவு என்று போட்டேன்.

படியிறங்கும்போதுதான் உறைத்தது.
நாடகம் நடந்தது மூன்று இரவு.
மூன்றாம் இரவு குடை என் கையில் இருந்தது,
அங்கே எனக்கு வேலை இல்லை.
அன்று லில்லிபுஷ்பம்
அந்தப் பாட்டை முழுசாகப் பாடினாளோ என்னவோ.