நாலு பதினொன்று

லியெபாயா துறைமுக அலுவலகத்தில்
தலையெழுத்தைத் தாளில் அச்சடித்துத் தருகிறது எந்திரம்.
இரண்டு யூரோ.

"வியாழன், மாலை 4:10.
அண்ணனை மன்னிப்பீர்கள்."

யார் கேட்டது?
அப்பாவின் படகை
என்னைக் கேளாமல் விற்றவன் அவன்.
பதினோரு வருடக் கோபம்,
சோறு போட்டு வளர்த்தவள் நான்.
மன்னிப்பதென்றால்
அதுவும் நானல்லவா?

வியாழன்.
புகையிட்ட மீன் பொட்டலத்தோடு
குன்டார்ஸ் மணி அடிக்கிறான்.
கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது,
எனக்கு முன்னே.
பிடித்து நிறுத்தினேன்.
பனியில் அவன் இருமுவதைக் கேட்டபடி
முழுதாக அறுபது எண்ணினேன்.

திறந்தேன்.
"ரஸ்மா, நரைத்துவிட்டாய்" என்றான்.
மீனை வாங்கி வைத்தேன்.

சீட்டின் பின்பக்கத்திலும்
ஏதோ பொடி எழுத்தில் இருக்கிறது.
மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேனோ,
தேடவில்லை.