கள் விகுதி

கோத்தகிரி முன்சீப் கோர்ட்டிலிருந்து
மொழிபெயர்க்க என்னிடம் வந்த பத்திரம் அது.
துரைமார் காலத்துக் காகிதம்,
மடிப்பு நாலிலும் கிழிந்து
முதுகில் துணி ஒட்டி உயிர் பிழைத்தது.
வடக்கே ஓடை, தெற்கே பாறை,
கிழக்கே தேயிலை, மேற்கே
பெயர் அரித்துப்போன ஒருவர்.
நடுவில் ஒரு வரி:
ஹட்டியாருடைய ‘கைன்’ தண்ணீருக்குப் போய்வர
மூன்று கஜப் பாதை, என்றென்றைக்கும்.

கைன்.
டைப்பிஸ்ட் ஸ்டெல்லா அதை ஒயின் என்று படித்துவிட்டு
வாயைப் பொத்திக்கொண்டாள்.
அகராதியில் பார்த்தேன்.
பசுவுக்கு ஆங்கிலத்தில் பழைய பன்மையாம்.
கே, ஐ, என், இ.
ஒருமையோ சி, ஓ, டபிள்யூ.
ஓர் எழுத்தைக்கூடப் பங்கு போட்டுக்கொள்ளாத
தாயும் பிள்ளைகளும்.

வழக்கு இதுதான்:
தேயிலை போய் ரிசார்ட் வந்தது.
ரிசார்ட்டுக்கு வேலி வந்தது.
வேலிக்கு இந்தப் பக்கம் மிச்சியம்மாளின் மாடு,
அந்தப் பக்கம் ஓடை.
மற்றவர்கள் எல்லாம் விற்றுவிட்டார்கள்;
பால் பாக்கெட்டில் வருகிறது, ஆறரை மணி பஸ்ஸில்.
ஹட்டி முழுக்க எண்ணினாலும்
மாடு ஒன்று.
பெயர் ஜூலி.

ரிசார்ட் வக்கீல் துரைசிங் எழுந்தார்,
கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார்:
யுவர் ஆனர், சொல் பன்மை.
பத்திரம் பாதை கொடுத்தது பன்மைக்கு.
ஒற்றை மாடு கைன் ஆகாது.
கோர்ட் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
இலக்கணத்தை அத்தனை நம்பிய ஆளை
நான் பள்ளிக்கூடத்திலும் பார்த்ததில்லை.

கூண்டில் நின்று மிச்சியம்மாள் கேட்டாள்:
"ஒண்ணுக்குத் தாகம் எடுக்காதா சாமி?"
அது பதிவில் ஏறவில்லை.
கேள்வி கேட்பது சாட்சியின் வேலை இல்லை.

ராத்திரி உட்கார்ந்தேன்.
பசுக்கள் என்று எழுதினால் துரைசிங் ஜெயிப்பார்.
பசு என்று எழுதினால் பொய்.
ஆநிரை என்று எழுதிப் பார்த்தேன்;
உடனே யாரோ கரந்தைப் பூச்சூடி
வில்லோடு வாசலில் வந்து நின்றார்கள்.
அடித்தேன்.
மந்தையும் கூட்டம்தான்.
காலையில் பால் சூடாகும்போது
சும்மா காதில் விழுந்தது, தெருப் பேச்சு:
பத்து மாடு வந்துச்சு.
மாடு மேயப் போயிருக்கு.
மாடு குறுக்கே வருது, பார்த்து ஓட்டு.
எத்தனை என்று நாம் சொல்வதே இல்லை.
அந்த நேரத்துக்கு எத்தனையோ, அத்தனை.

"ஹட்டியாருடைய மாடு தண்ணீருக்குப் போய்வர."
எழுதிவிட்டேன்.
கள் போடவில்லை.
கோர்ட் வளாகத்தில் கள் கூடாது என்றேன் ஸ்டெல்லாவிடம்.
இரண்டு நாள் கழித்துச் சிரித்தாள்.

நேர்மைதானா?
கைன் பன்மை, எனக்குத் தெரியும்.
மாடு ஒன்றும் ஆகும் பலவும் ஆகும்,
அதுவும் எனக்குத் தெரியும்.
‘மூலத்துக்கு ஒத்தது’ என்ற முத்திரையின் கீழ்
கையெழுத்துப் போட்டபோது
பேனா கொஞ்சம் நின்றது.
குளிர் என்று வைத்துக்கொண்டேன்.

துரைசிங் ஆட்சேபித்தார். வாய்தா.
நீதிபதிக்கு மாற்றல். வாய்தா.
மிச்சியம்மாள் ஊர்க்குழாயில் பிடித்து
ஜூலிக்குச் சுமக்கிறாள்,
நாளைக்கு ஆறு நடை.

போன வாரம், உறைபனி விழுந்த ஒரு காலையில்
பஸ் ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன்.
வேலி மூன்று கஜத்துக்குப் படுத்துக் கிடந்தது.
கொஞ்சம் கூடவும் இருக்கலாம்.
கம்பியில் கறுப்பு மயிர்.
தட்டுத் தட்டாகக் குளம்படி,
ஓடைவரை சேறு.

"காட்டுமாடு" என்றார் கண்டக்டர்,
டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே.
எத்தனை இருக்கும் என்றார் முன் சீட்டுக்காரர்.
கண்டக்டர் நிமிரவில்லை.
"காட்டுமாடுதாங்க" என்றார் மறுபடி,
மீதிச் சில்லறையை எண்ணியபடி.